கணினி நிரற்கல்வியும் ஊராட்சியின் பொறுப்பும்

குமரி மாவட்டம் எழுத்தறிவில் சிறந்தது என்பதை யாவரும் அறிவர். 2011 ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இம்மாவட்டத்தில் எழுத்தறிவு பெற்றோர் நூற்றுக்கு 91.75 பேர் ஆவர். தமிழகத்து மாவட்டங்களுள் அவ்வாண்டில் முதலிடம் பெற்றதும் இதுவே. இப்பெருமை ஒரு நாளில் வந்ததன்று. பள்ளிக்கு நிலம் ஈந்தோரும், ஓலைக் கொட்டகையில் வகுப்பு நடத்தியோரும், பிள்ளையைக் கடலுக்கும் வயலுக்கும் அனுப்பாது பள்ளிக்கு அனுப்பிய பெற்றோரும் சேர்ந்து தேடிய செல்வம் அது.

இன்று எழுத்தறிவோடு மற்றோர் அறிவும் வேண்டப்படுகிறது. கணினிக்குக் கட்டளை எழுதும் அறிவே அது. இதனை நிரலாக்கம் என்பர். நகரத்துப் பிள்ளைகள் பலர் பெருந்தொகை செலுத்தித் தனி வகுப்புகளில் இதனைப் பயில்கின்றனர். தேங்காப்பட்டணத்திற்கும் குளச்சலுக்கும் இடைப்பட்ட கடற்கரையிலுள்ள இனயம் போன்ற ஊர்களில், வள்ளத்தில் செல்லும் தந்தையின் வருவாயும் மீன் கூடை சுமக்கும் தாயின் வருவாயும் அத்தகைய செலவுக்கு இடந்தருவனவல்ல. உள்நாட்டில் மரச்சீனியும் வாழையும் பயிரிடும் சிறு விவசாயியின் நிலையும் இதுவே. எனின், இவ்வறிவு நமது பிள்ளைகளுக்கு எட்டாக்கனிதானா? அன்று என்பதே நமது விடை. உலகெங்கும் நல்லாசிரியர் பலர் நிரலாக்கப் பாடங்களை எழுதி, யாவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்துள்ளனர். அவற்றை நமது ஊருக்குக் கொணர்வதும், நமது மொழிக்கும் தொழிலுக்கும் ஏற்பத் திருத்துவதும், திருத்தியதை மற்ற ஊர்களோடு பகிர்வதும் எவ்வாறு என்பதை ஊராட்சி உறுப்பினர்களுக்கும் விவசாயப் பெருமக்களுக்கும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிரல் என்பது யாது?

நிரல் என்பது ஒரு வேலையை முறைப்படி செய்வதற்கான கட்டளைகளின் வரிசையேயன்றி வேறன்று. கணினி விரைவாக வேலை செய்யும். ஆனால் தானாக ஊகித்து அறியாது. முதலில் எது, அடுத்து எது, இன்ன நிலை நேர்ந்தால் என் செய்வது என்று ஒன்றும் விடாமல் சொல்லுதல் வேண்டும்.

மீன் விற்ற பணத்தைப் பங்கிடுவதை எடுத்துக்கொள்வோம். பங்கு முறை ஊருக்கு ஊர் வேறுபடும். ஓர் உதாரணத்திற்காக, வள்ளத்திற்கும் வலைக்கும் சேர்த்து 2 பங்கு, தொழிலாளர் நால்வருக்கு 4 பங்கு, ஆக 6 பங்கு என்று கொள்வோம். கணினிக்கு நாம் சொல்ல வேண்டியவை இவை: விற்ற தொகையைக் கேள். எண்ணெய், பனிக்கட்டி முதலியவற்றின் செலவைக் கேள். செலவு தொகைக்குச் சமமாகவோ மிகுதியாகவோ இருந்தால், இன்று பங்கு இல்லை என்று சொல்லி நிறுத்து. இல்லையேல், தொகையிலிருந்து செலவைக் கழி, மீதியை 6 ஆல் வகு, விடையை அறிவி. விற்றது 18,000 ரூபாய், செலவு 6,000 ரூபாய் என்றால், மீதி 12,000. ஒரு பங்கு 2,000 ரூபாய். வள்ளத்திற்கும் வலைக்கும் 4,000 ரூபாய். ஒருமுறை இந்நிரலை எழுதிவிட்டால், ஒவ்வொரு நாளும் இரண்டு எண்களைத் தந்தால் போதும்.

இதில் மூன்று அடிப்படைகள் அடங்கியிருப்பதைக் காணலாம். வரிசையாகச் செய்தல் ஒன்று. நிலைமையைப் பார்த்து முடிவு செய்தல் ஒன்று. மீண்டும் மீண்டும் செய்தல் ஒன்று. மிகப் பெரிய மென்பொருள்களும் இம்மூன்றின் மேல் எழுப்பப்பட்டவையே. கரையில் அமர்ந்து மனக்கணக்காகப் பங்கு பிரிக்கும் முதியவரின் பேரனுக்கு இது விளங்காத கலையன்று.

இதனால் நமக்கு என்ன பயன்?

எல்லாப் பிள்ளைகளும் கணினி நிறுவனங்களில் வேலைக்குச் செல்லப்போகிறார்களா என்று சிலர் வினவலாம். வேலைவாய்ப்பு ஒரு பயனே. எனினும் அது மட்டுமே பயனன்று.

2017 ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலை இக்கடற்கரை மறக்கவியலாது. ஆழ்கடலுக்குச் சென்றிருந்த மீனவர் பலர் மீளவில்லை. கரையிலிருந்து நெடுந்தொலைவில் இருப்போருக்கு எச்சரிக்கையை உரிய காலத்தில், அவர்க்கு விளங்கும் மொழியில் சேர்ப்பது எத்துணை இன்றியமையாதது என்பதை அத்துயரம் உணர்த்திற்று. ஹைதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் அலையின் உயரம், காற்றின் வேகம், மீன்வளம் மிகுந்த பகுதிகள் ஆகியவற்றைப் பற்றிய அறிவிப்புகளை வெளியிட்டு வருகிறது. கைபேசி வழங்கும் சைகை எட்டாத கடற்பரப்பிலும் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி பெறும் கருவிகள் வந்துள்ளன. இவை யாவற்றின் உள்ளேயும் இயங்குவது நிரலே.

இக்கருவிகளை ஆக்குவோர் நமது துறைகளின் பெயரையும், நமது மீனவர் காற்றுக்கும் நீரோட்டத்திற்கும் வழங்கும் சொற்களையும் அறியார். அறிந்தவர் இனயத்துப் பிள்ளைகள். நிரல் எழுதவும் அறிந்த ஒருவன் அல்லது ஒருத்தி ஊரில் இருந்தால், வந்த செய்தியை ஊர்ப்பேச்சில் ஒலிக்கச் செய்யலாம். தவறு இருந்தால் உரியவர்க்கு எடுத்துரைக்கலாம். விவசாயத்திலும் இவ்வாறே. மண்ணின் ஈரத்தை அளந்து மோட்டாரை நிறுத்தும் கருவியும், சந்தை விலையைத் திரட்டிக் காட்டும் செயலியும் நிரலால் இயங்குவன. பிறர் ஆக்கித் தந்ததை வாங்கி, பழுதானால் கைபிசைந்து நிற்பதா, உள்ளே நடப்பதை அறிந்து நமக்கேற்பத் திருத்திக்கொள்வதா என்பதே நமது முன்னுள்ள கேள்வி.

பொதுவில் வழங்கும் பாடங்கள்

ஓர் ஆசிரியர் எழுதிய பாடத்திற்கு அவரே உரிமையாளர் என்று நமது நாட்டின் 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கூறுகிறது. அவருடைய இசைவின்றி அதனை அச்சிடுதலும் மாற்றி வெளியிடுதலும் கூடா. ஆனால் உரிமையாளர் விரும்பினால், இன்ன நிபந்தனைகளோடு யாவரும் பயன்படுத்தலாம் என்று முன்னதாகவே இசைவு தந்துவிடலாம். அவ்வாறு இசைவு தரப்பெற்ற பாடம், பயிற்சி, ஒளிப்படம், நூல் ஆகியவற்றையே கட்டற்ற கல்வி வளங்கள் என்கிறோம்.

தமிழ்நாட்டிற்கு இவ்வெண்ணம் புதிதன்று. பாரதியாரின் படைப்புகளின் உரிமையை 1949 ஆம் ஆண்டில் சென்னை மாகாண அரசு பெற்றுப் பின்னர் அவற்றை மக்களுக்குப் பொதுவாக்கிற்று. அதன் பின்னர் அறிஞர் பலருடைய நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டன. 1998 ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டத்தின் மூலம், உலகெங்குமுள்ள தமிழன்பர்கள் ஊதியமின்றித் தட்டெழுதிப் பழந்தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றி, யாவரும் இலவசமாகப் படிக்குமாறு செய்தனர்.

உலக அரங்கிலும் இது வளர்ந்தது. கட்டற்ற கல்வி வளங்கள் என்னும் பெயர் 2002 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ பாரிசில் கூட்டிய கூட்டத்தில் வழக்கிற்கு வந்தது. அவ்வாண்டின் இறுதியில் கிரியேட்டிவ் காமன்ஸ் என்னும் அமைப்பு, படைப்பாளர் எவரும் எளிதில் பயன்படுத்தத்தக்க பொது உரிமங்களை வெளியிட்டது. தமிழில் இவற்றைப் படைப்பாக்கப் பொதும உரிமங்கள் என்பர். 2019 ஆம் ஆண்டு நவம்பரில் யுனெஸ்கோவின் பொது மாநாடு இவ்வளங்களைப் பெருக்குமாறு உறுப்பு நாடுகளுக்குப் பரிந்துரை செய்தது. நமது மத்திய அரசின் கல்வித் துறையும் 2013 ஆம் ஆண்டில் தேசியக் கட்டற்ற கல்வி வளக் களஞ்சியத்தைத் தொடங்கிற்று.

இத்தகைய பாடத்தைப் பெறுவோர்க்கு ஐந்து உரிமைகள் உண்டு. படியை என்றும் வைத்துக்கொள்ளலாம், வகுப்பில் பயன்படுத்தலாம், திருத்தவும் மொழிபெயர்க்கவும் செய்யலாம், மற்றொரு பாடத்தோடு சேர்க்கலாம், பிறர்க்கு வழங்கலாம். விதை நெல்லை அயலாருக்குக் கொடுத்தால் நமது பத்தாயத்தில் அவ்வளவு குறையும். பாடத்தைக் கொடுத்தால் ஒன்றும் குறைவதில்லை. திருந்திய வடிவில் நம்மிடமே திரும்பி வருவதும் உண்டு.

இலவசம் வேறு, பொதுமை வேறு

இங்கு ஊராட்சியினர் கருத்தூன்ற வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. இணையத்தில் காசின்றிக் காணக் கிடைப்பவை எல்லாம் பொதுவானவை அல்ல. கோயில் மண்டபத்தில் இளைப்பாற எவர்க்கும் இடமுண்டு. அதனால் தூணைப் பெயர்த்துக்கொண்டு போக உரிமையுண்டு என்றாகாது. அரசின் பாடநூல்களையும் இணையத்திலிருந்து இலவசமாக இறக்கிப் படிக்கலாம். ஆயினும் அவற்றைப் பகுதி பகுதியாக மாற்றி வேறு நூலாக வெளியிடலாம் என்று பொருளன்று. வகுப்பில் கற்பிக்கும்பொழுது ஆசிரியரும் மாணவரும் படியெடுத்துக்கொள்ளச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு இடந்தருகிறது. ஊர் ஊராக அச்சிட்டு வழங்குவதற்கு உரிமத்தைப் பார்த்தே செய்தல் வேண்டும்.

உரிமத்தில் வரக்கூடிய நிபந்தனைகள் நான்கே. ஆக்கியவர் பெயரைச் சொல்லுக என்பது முதலாவது. இது அவ்வாறு உரிமங்களிலும் உண்டு. திருத்தி வெளியிட்டால் அதனையும் இதே உரிமத்தில் பொதுவாக்குக என்பது இரண்டாவது. விற்று ஊதியம் ஈட்டாதிருக்க என்பது மூன்றாவது. மாற்றாதிருக்க என்பது நான்காவது. இந்நான்காவது நிபந்தனையுள்ள பாடத்தை மொழிபெயர்த்து வெளியிடவும் இயலாது. தமிழில் கற்கும் நமது பிள்ளைகளுக்கு மொழிபெயர்ப்பே உயிர்நிலை. ஆதலின் அத்தகையவற்றைத் தவிர்த்து, முதலிரண்டு நிபந்தனைகள் மட்டும் உள்ளவற்றைத் தேடுதல் நலம்.

கையில் கிடைப்பவை எவை?

முதலாவது, நமது மாநிலப் பாடநூல்கள். 2018-19 ஆம் கல்வியாண்டு முதல் புதுப்பிக்கப்பெற்ற பாடத்திட்டத்தில், பதினோராம் வகுப்புக் கணினி அறிவியலில் சி பிளஸ் பிளஸ் மொழியும், அடுத்த ஆண்டு வந்த பன்னிரண்டாம் வகுப்பு நூலில் பைத்தான் மொழியும் தமிழ் விளக்கத்தோடு இடம்பெற்றன. பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் ஸ்கிராட்ச் பற்றிய அறிமுகம் உண்டு. பொதுவில் கிடைக்கும் பாடங்களை இந்நூல்களுக்குத் துணையாகக் கொள்ளுதல் வேண்டுமேயன்றி, மாற்றாகக் கொள்ளுதல் கூடாது.

இரண்டாவது, ஸ்கிராட்ச். அமெரிக்காவிலுள்ள மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 2007 ஆம் ஆண்டில் வெளியிட்ட இதனைச் சிறுவர்க்கெனவே அமைத்தனர். கட்டளைகள் வண்ணக் கட்டைகளாகத் திரையில் தோன்றும். ஒன்றோடொன்று பொருத்தினால் நிரல் ஆகும். பொருந்தாதவை ஒட்டா, எழுத்துப்பிழையால் நிரல் நின்றுவிடும் தொல்லை இல்லை. ஒருமுறை கணினியில் நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலே இயங்கும்.

மூன்றாவது, மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஸ்போக்கன் டியூட்டோரியல் என்னும் பேச்சுப் பாடங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழப் பத்து நிமிடக் காட்சிப் பாடம். லினக்ஸ், பைத்தான், சி முதலிய பல பொருள்கள் இதில் உள. இந்திய மொழிகளில் குரல் கொடுக்கப்பட்டுள்ளவற்றுள் தமிழும் ஒன்று. பாடத்தைக் கேட்டபடியே கணினியில் செய்து பார்க்கும் முறையில் இவை ஆக்கப்பட்டுள்ளன. பெயர் சொல்லுதல், அதே உரிமத்தில் பகிர்தல் என்னும் இரண்டே நிபந்தனைகள். ஒருமுறை இறக்கிப் பென் டிரைவில் எடுத்துவந்தால் இணையம் இல்லாத ஊரிலும் பயன்படும்.

நான்காவது, தமிழன்பர்கள் ஆக்கியவை. 2012 ஆம் ஆண்டில் தொடங்கிய கணியம் என்னும் மின்னிதழ், கட்டற்ற மென்பொருள் பற்றிய கட்டுரைகளையும், எளிய தமிழில் என்னும் வரிசை நூல்களையும் பொதும உரிமத்தில் வெளியிட்டது. எழில் என்னும் நிரல்மொழியை முத்து அண்ணாமலை என்பார் உருவாக்கிக் கட்டற்ற மென்பொருளாக வழங்கினார். இதில் கட்டளைச் சொற்களே தமிழாக இருக்கும். பதிப்பி என்று எழுதினால் கணினி விடையைத் திரையில் இடும். ஆங்கில எழுத்து அச்சம் நீங்காத சிறுவர்க்கு முதற்படியாக இது உதவக்கூடும். பின்னர்ப் பைத்தானுக்குச் செல்லுதல் எளிது.

ஐந்தாவது, கணினியே இல்லாமல் கணினி அறிவியலைக் கற்பிக்கும் பாடங்கள். நியூசிலாந்து நாட்டின் காண்டர்பரி பல்கலைக்கழகத்தார் தொகுத்த இவை விளையாட்டு முறையில் அமைந்தவை. இவையும் பொதும உரிமம் பெற்றவை. ஓர் எடுத்துக்காட்டு: ஐந்து அட்டைகளில் முறையே 16, 8, 4, 2, 1 புள்ளிகள் இட்டு ஐந்து பிள்ளைகளின் கையில் கொடுக்கவும். 13 என்று ஆசிரியர் சொன்னால், 8, 4, 1 என்னும் அட்டைகளை வைத்திருப்போர் முகம் காட்டுவர்; மற்றவர் திருப்பிக்கொள்வர். காட்டுவதை 1 என்றும் மறைப்பதை 0 என்றும் எழுதினால் 01101 ஆகும். கணினி எண்களை வைத்துக்கொள்ளும் முறை இதுவே. ஐந்தே அட்டைகளால் 0 முதல் 31 வரை காட்டலாம் என்பதைப் பிள்ளைகள் தாமே கண்டறிவர். இதற்கு மின்சாரமும் வேண்டா. கடற்கரை மணலே போதும்.

அண்டை மாநிலத்தின் பட்டறிவு

1956 ஆம் ஆண்டு நவம்பர் 1 ஆம் நாள் வரை நமது விளவங்கோடும் கல்குளமும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தைச் சேர்ந்திருந்தன. எல்லைக்கு அப்பாலுள்ள ஊர்களோடு உறவும் வணிகமும் நமக்கு இன்றும் உண்டு. அங்கு நடப்பதை அறிந்துகொள்ளுதல் பயனுடையது.

கேரள அரசு 2001 ஆம் ஆண்டில் ஐ.டி. அட் ஸ்கூல் என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. சில ஆண்டுகளில் பள்ளிக் கணினிகளை விலை கொடுத்து உரிமம் வாங்கும் மென்பொருளிலிருந்து கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றினர். அதனால் உரிமக் கட்டணம் மிஞ்சிற்று. அதனினும் பெரிய பயன், வகுப்பில் கற்ற மென்பொருளைப் பிள்ளை தன் வீட்டுக்கும் சட்டத்திற்கு மாறின்றி எடுத்துச் செல்ல முடிந்தது. 2017 ஆம் ஆண்டில் இத்திட்டம் கைட் என்னும் அரசு நிறுவனமாயிற்று. 2018 ஆம் ஆண்டில் லிட்டில் கைட்ஸ் என்னும் மாணவர் மன்றங்கள் பள்ளிகள் பலவற்றில் தொடங்கப்பெற்றன. நிரலாக்கம், அசைவூட்டம், மின்னணுவியல் ஆகியவற்றில் மாணவர் பயிற்சி பெற்று, பிற மாணவர்க்கும் உதவி வருகின்றனர்.

இதிலிருந்து நாம் அறியத்தக்கவை இரண்டு. கருவி வாங்கியதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. ஆசிரியர் பயிற்சியையும் தாய்மொழிப் பாடத்தையும் உடன் வளர்த்தனர். மாணவரைக் கேட்போராக மட்டும் வைக்காமல், கற்பிப்போராகவும் ஆக்கினர்.

எழக்கூடிய ஐயங்கள்

பொதுவில் கிடைப்பது தரமாக இருக்குமா என்பது முதல் ஐயம். எல்லாம் தரமானவை என்று சொல்வதற்கில்லை. பழையனவும் பிழையுள்ளனவும் உண்டு. விலை கொடுத்து வாங்குவதிலும் அவ்வாறே. ஆனால் பொதுப் பாடத்தில் பிழை கண்டால் நாமே திருத்தலாம். விலைப் பாடத்தில் அவ்வுரிமை இல்லை. ஆதலின், ஆசிரியர் ஒருவர் முன்னதாகச் செய்து பார்த்த பாடத்தையே வகுப்புக்குக் கொண்டுவருதல் வேண்டும்.

காட்சிப் பாடம் இருக்கையில் ஆசிரியர் எதற்கு என்பது இரண்டாவது. நிரல் எழுதும் பிள்ளைக்குப் பாதி நேரம் பிழை தேடுவதிலேயே கழியும். அப்பொழுது அருகில் நின்று, எந்த வரி வரை சரியாக வந்தது என்று கேட்டு ஊக்குவிக்க ஒருவர் வேண்டும். வல்லுநராக இருத்தல் கட்டாயமன்று, பொறுமை கட்டாயம்.

இணையமும் கருவியும் போதாவே என்பது மூன்றாவது. மேற்கூறியவற்றுள் பலவற்றை ஒருமுறை இறக்கிவைத்தால் போதும். அலுவலகங்களில் ஒதுக்கப்பட்ட பழைய கணினிகளும் இலகுவான லினக்ஸ் வகையொன்றை ஏற்றினால் பெரும்பாலும் உயிர்பெறும். கைபேசி ஒன்றே உள்ள வீட்டில் அது பெரும்பாலும் ஆண்பிள்ளையின் கையிலேயே இருக்கக் காண்கிறோம். ஊர்ப் பொது இடத்தில் கணினி இருந்தால் பெண்பிள்ளைகளுக்கும் சமமாக நேரம் ஒதுக்க வழியுண்டு.

ஊராட்சி செய்யத்தக்கவை

கல்வி மாநிலத் துறையின் பொறுப்பு. ஊராட்சிக்கு இதில் என்ன வேலை என்று எண்ணற்க. 1993 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த 73 ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் பதினோராம் அட்டவணையில் உள்ள 29 பொருள்களுள், பள்ளிக்கல்வி, தொழிற்பயிற்சி, முறைசாராக் கல்வி, நூலகம் ஆகியவை 17 முதல் 20 வரையுள்ளவை. வகுப்பறைப் பாடத்தை ஆசிரியரிடம் விட்டுவிட்டு, அதற்குத் துணையானவற்றை ஊராட்சி மேற்கொள்ளலாம்.

1. ஊராட்சி நூலகத்திலோ பொதுக் கட்டடத்திலோ உலர்ந்த, பூட்டத்தக்க அறையொன்றைத் தேர்க. கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று கருவிகளை விரைவில் அரிக்கும். சாளரம் கடலை நோக்கியிராத அறை நன்று. பயன்படுத்தாத நேரத்தில் கணினியை மூடி வைத்தல் வேண்டும்.

2. பள்ளி மேலாண்மைக் குழுவினர், கணினி ஆசிரியர் ஒருவர், ஊரில் பட்டம் பெற்ற இளைஞர் இருவர், மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து ஒருவர் ஆகியோரைக் கொண்டு பாடக் குழு அமைக்க. எவ்வெப் பாடங்களை இறக்குவது என்பதை இக்குழு முடிவு செய்யட்டும்.

3. இறக்கிய ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவேடு வைக்க. பாடத்தின் பெயர், ஆக்கியவர், கிடைத்த இடம், உரிமம், இறக்கிய நாள் ஆகிய ஐந்தும் அதில் இருத்தல் வேண்டும். பொருள் இருப்புப் பதிவேட்டைப் போலவே இதனையும் காக்க.

4. வாரத்தில் இரு மாலைகள் வகுப்பு நடத்தினால் போதும். ஒரு கணினிக்கு இருவர் அமரலாம். ஒருவர் தட்டச்சிட, மற்றவர் பிழை பார்க்க, பத்து நிமிடத்திற்கு ஒருமுறை மாறிக்கொள்ளட்டும்.

5. தனியார் எவரேனும் பாடத்தொகுப்பை விற்க வந்தால், மூன்று கேள்விகள் கேட்க: இது தமிழில் உள்ளதா? ஆண்டு முடிந்த பின்னும் எம்மிடம் இருக்குமா? நாங்கள் திருத்தவும் பக்கத்து ஊருக்குக் கொடுக்கவும் உரிமை உண்டா? இவற்றுக்கு இல்லை என்று விடை வந்தால், ஊர்ப்பணத்தைச் செலவிடுமுன் இருமுறை சிந்திக்க.

6. கிராம சபை கூடும் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களுள் ஏதேனும் ஒன்றில், பிள்ளைகள் தாம் எழுதிய நிரலை ஊரார் முன் இயக்கிக் காட்டுமாறு செய்க. பெற்றோர் கண்ணால் கண்டால் ஊக்கம் தானே வளரும்.

பெறுவதோடு நில்லாமல் கொடுத்தல்

பொதுக் குளத்தில் நீர் எடுப்போர் எல்லாரும் ஆண்டுக்கொருமுறை தூர் வாரவும் வருவது நாஞ்சில் நாட்டு வழக்கம் அறிந்தவர்க்குப் புதிதன்று. பொதுப் பாடத்திற்கும் அதுவே முறை. எடுப்போர் மிகுந்து, திருத்துவோர் அருகினால், பாடம் பழையதாகிப் பயனற்றுப் போகும்.

இதில் கணக்கும் நமக்குச் சாதகமே. ஒரு வட்டாரத்தில் ஐந்து பள்ளிகள் உள்ளன என்று கொள்வோம். ஆண்டுக்கு 20 பயிற்சிப் பாடங்கள் வேண்டும். ஒவ்வோர் ஆசிரியரும் தனித்தனியே எழுதினால் ஐவரும் சேர்ந்து 100 பாடங்கள் எழுதும் உழைப்பு. ஆளுக்கு நான்காகப் பிரித்துக்கொண்டு பகிர்ந்தால் 20 பாட உழைப்பிலேயே ஐவருக்கும் 20 பாடமும் கிடைக்கும். மிஞ்சும் காலத்தைப் பிள்ளைகளோடு செலவிடலாம்.

நாம் கொடுக்கத்தக்கவை பல உள. வெளிநாட்டுப் பாடங்களில் வரும் எடுத்துக்காட்டுகள் பனிமனிதனையும் பீட்சாத் துண்டையும் பற்றியவை. அவற்றின் இடத்தில் மீன் பங்குக் கணக்கு, ஏலத்தில் உயர்ந்த விலையைக் கண்டறிதல், ரப்பர் பால் எடைக் கணக்கு, வாழைத்தார் விற்பனைக் கணக்கு ஆகியவற்றை அமைத்தால், அதுவே புதிய பாடம். இனயத்து ஆசிரியர் எழுதிய பங்குக் கணக்குப் பாடம், பொதும உரிமத்தில் வெளிவந்தால், இராமநாதபுரத்துக் கடற்கரையிலும் நாகப்பட்டினத்திலும் ஏன், ஈழத்து வடகடற்கரையிலும் உள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்கு அப்படியே பயன்படும். அவர்கள் தத்தம் பங்கு முறைக்கேற்ப இரண்டொரு எண்களை மாற்றினால் போதும்.

பகிரும்பொழுது மூன்று விதிகளைக் கைக்கொள்ளுதல் வேண்டும். முதலாவது, மூலத்தை ஆக்கியவர் பெயரையும், நாம் என்ன மாற்றினோம் என்பதையும் முதற்பக்கத்தில் எழுதுக. இரண்டாவது, நமது பாடத்திற்கும் இன்ன உரிமம் என்று தெளிவாகக் குறிக்க. குறிக்காவிடில் சட்டப்படி அது பொதுவாகாது. மூன்றாவது, பிள்ளைகளின் முழுப்பெயர், படம், வீட்டு முகவரி, கைபேசி எண் ஆகியவை பாடத்தில் வாராமல் பார்த்துக்கொள்க.

முடிவுரை

கரமடி வலையை ஒருவர் இழுத்துக் கரைசேர்க்க இயலாது. இரு மருங்கும் ஊரார் நின்று ஒரே சீராக இழுத்தால்தான் மீன் கரைக்கு வரும். இழுத்தோர் அனைவருக்கும் பங்கும் உண்டு. பொதுவில் வழங்கும் பாடங்களும் இத்தகையனவே. ஆக்கியோர் ஒரு மருங்கில் இழுக்கின்றனர். மறு மருங்கில் நிற்க வேண்டியவர்கள் ஆசிரியர்களும் பெற்றோரும் ஊராட்சியினரும் ஆவர்.

ஓலைக் கொட்டகைப் பள்ளிகளுக்குத் தூண் நட்ட தலைமுறை, தம் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்பதை அறியாமலே அதனைச் செய்தது. நம்மிடம் கட்டடம் உண்டு, நூலகம் உண்டு, பொதுவில் பாடங்களும் உண்டு. இவற்றை ஓரிடத்தில் சேர்க்கும் முயற்சி ஒன்றே எஞ்சி நிற்கிறது. அடுத்த கிராம சபைக்கான பொருள்நிரலில் இதனையும் ஒரு பொருளாகச் சேர்த்து, ஒவ்வோர் ஊராட்சியும் ஓர் அறையையும் ஒரு குழுவையும் குறித்து முடிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.